கொக்கி இல்லாத தூண்டில்

தேயிலை வெட்டும் மெசினை ஒரு ஆள் தனியாகத் தூக்க முடியாது. பாடை தூக்குவதுபோல் இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன் நிற்க வேண்டும். நடுவில் செடி வரிசை. இன்ஜின் இருக்கும் பக்கம் கனம் அதிகம். அதை இருளப்பன் பிடிப்பான். மறுபக்கக் கைப்பிடி பிரெட்ரிக்குடையது. பிரெட்ரிக் எப்போதும் ஒரு எட்டு முன்னால் போவான். கத்தி சற்றே சாய்ந்து போனால்தான் கொழுந்து சீராக விழும். பின்னால் வலைச்சாக்கின் வாலைப் பிடித்தபடி இருளப்பனின் மனைவி சாரதா வருவாள். இன்ஜின் சத்தத்தில் பேச முடியாது, காதில் வேறு மூடி மாட்டியிருக்கும். பேசத் தேவையும் இல்லை. ஒருவன் நின்றால் மற்றவன் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கத்தி செடிக்குள் இறங்கிவிடும், அந்த இடம் மாதக்கணக்கில் மொட்டையாகக் கிடக்கும். அதனால் கையில் கனம் மாறியதும் கால் தானாக நின்றுவிடும். மூளைவரை போய் உத்தரவு வாங்கி வராது.

பிரெட்ரிக்கின் மகள் வனஸ்ஸா பாலர் பள்ளிக்குப் போன காலத்தில் சேர்ந்த ஜோடி அது. இன்றைக்கு வனஸ்ஸா கோலாலம்பூரில் வேலை பார்க்கிறாள். இதை நட்பு என்று சொல்லலாம், பழக்கம் என்றும் சொல்லலாம். இருளப்பன் அதற்குப் பேர் எதுவும் வைத்ததில்லை.

இந்த வாரம் அந்தப் பக்கக் கைப்பிடியில் மாடசாமி நின்றான்.

மாடசாமி நல்லவன், உழைப்பாளி. ஆனால் இருளப்பனின் தோள் உயரம்தான் இருப்பான். மெசின் அவன் பக்கம் சரிந்தது. ஒரு பக்கம் கொழுந்து தப்பித்தது, மறுபக்கம் குச்சியோடு சேர்ந்து விழுந்தது. வியாழக்கிழமை ஆண்டியப்பன் கங்காணி மலையடிவாரத்தில் நின்று வெட்டிய வரிசைகளை அண்ணாந்து பார்த்தார்.

"ஏன்டா, சலூன்ல பாதி கிராப்பு வெட்டிட்டு இருக்கும்போதே எந்திரிச்சு ஓடியாந்தவன் தலை மாதிரி இருக்கே?"

"மாடசாமிக்கு உயரமா ஒரு சப்பாத்து வாங்கிக் குடுங்க கங்காணி" என்றான் இருளப்பன்.

"உங்க கால கொஞ்சம் வெட்டிக்குங்கண்ணே, அது சுலபம்" என்றான் மாடசாமி.

சாரதா சாக்குக்குப் பின்னாலிருந்து சிரித்தாள். கங்காணி சிரிக்கவில்லை.

"விளையாட்டு இல்ல லா. பிரெட்ரிக் வந்து நேரா சொல்லிட்டான், இனிமே இருளப்பனோட தூக்க மாட்டேன்னு. திங்கக்கிழம காலைல பெரட்டுக்கு ஆள் கூடுறப்ப ஜோடி பிரிச்சு மேனேஜர்கிட்ட சொல்லிடுவேன். ஒருக்கா சொன்னா சொன்னதுதான். அந்த மனுசன் திருப்பி மாத்த மாட்டாரு. அதுக்குள்ள உங்க சண்டைய முடிச்சுக்குங்க. முடியலன்னா இவன்தான் உனக்கு. ரிட்டயர் ஆகுற வரைக்கும்."

எதிர் மலையில் பிரெட்ரிக் ஒரு பங்களாதேஷ்காரனோடு மெசின் தூக்கிக்கொண்டிருந்தான். தூரத்திலிருந்து பார்த்தாலும் அவன் நடை தெரிந்தது. ஒரு எட்டு முன்னால். கூட வருபவன் தடுமாறிக்கொண்டிருந்தான். இருளப்பனுக்கு அதைப் பார்க்க ஒரு கெட்ட சந்தோஷம். பிறகு அந்த ஆள் பழகிவிட்டால் என்ன செய்வது என்று தோன்றியது. சந்தோஷம் போய்விட்டது.

இத்தனைக்கும் சண்டை மீன் பிடிக்கப் போன இடத்தில் வந்தது.

ரிங்லெட்டைத் தாண்டி காட்டுப் பக்கம் இறங்கினால் ஓராங் அஸ்லிப் பூர்வகுடிகளின் கம்போங் ஒன்று இருக்கிறது. அதை ஒட்டி ஓடும் ஆற்றை அந்த ஊர்க்காரர்களே காக்கிறார்கள். ஒரு காலத்தில் வெளியாட்கள் வந்து பேட்டரி கரண்ட் விட்டும் மருந்து கலக்கியும் அந்த ஆற்றைத் துடைத்துப் போட்டார்கள். ஊர் கூடி ஆற்றை மூடியது. பல வருஷம் யாரும் ஒரு கயிறுகூட நனைக்கவில்லை. கெலா திரும்பி வந்தது. கெலா என்றால் காசு அகலத்துக்குச் செதிலும் கை தடிமனும் உள்ள மலையாற்று மீன். தூண்டில் பைத்தியங்கள் பெண்டாட்டியை விட்டுவிட்டு அதன் பின்னால் போவார்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஆற்றைத் திறந்துவிடுகிறார்கள், அதுவும் பெயர் பதிந்தவர்களுக்கு. ஆற்றுக்குப் போகும் வழியில் ஒரு குடிசை. அதன் சுவரில் வரிசையாக ஆணிகள். ஒவ்வோர் ஆணியிலும் பெயர் எழுதிய மரத்துண்டு. போகும்போது உன் துண்டைக் கழுத்தில் மாட்டிக்கொள், வரும்போது ஆணியில் மாட்டிவிட்டுப் போ.

சட்டங்களும் கொஞ்சம்தான். மண்புழு, தவளை என்று உயிருள்ள இரை கூடாது. கெவாங் மட்டும்தான், அதாவது மீன்போல மினுக்கிக் காட்டும் பொய்யிரை. ஒரு கெவாங்குக்கு ஒரே கொக்கி. கொக்கி நுனியில் பின்னோக்கி நிற்கும் சின்ன முள்ளை நசுக்கியிருக்க வேண்டும், மீனைக் காயமில்லாமல் விடுவிக்க. கெலா எத்தனை பெரிதானாலும் திரும்பத் தண்ணீருக்கு. ஆறு திரும்பும் இடத்துக்கு மேலே உள்ள ஆழமான மடுவில் மீன் பிடிக்கவே கூடாது. அது முட்டையிடும் இடம். மீறினால் போலீஸ் கிடையாது, அபராதம் கிடையாது. ஒரு வருஷத்துக்கு ஆணியில் உன் பேர் இருக்காது. அவ்வளவுதான்.

இந்தச் சட்டங்களை பிரெட்ரிக் தேவாலயத்தில் வேதம் வாசிப்பதுபோல் ஒப்பிப்பான். சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்னக் குறடு. ஈப்போவிலிருந்து வருகிற முன்பின் தெரியாத ஆட்களின் கொக்கியைக்கூட வாங்கிப் பார்த்து, முள்ளை நசுக்கிக் கொடுத்து, "இப்ப சரி, போங்க" என்பான். அவர்களும் அவனை அதிகாரி என்று நினைத்து நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள்.

தூண்டில் சாமானிலும் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகாது. பிரெட்ரிக்கின் தண்டு மெல்லியது, நூல் மயிர்போல இருக்கும், நுனியில் விரல்நகம் அளவுக்கு ஒரு செப்புத் தகடு. தெளிந்த தண்ணீரில் மீனுக்குக் கண் நன்றாகத் தெரியும், அதன் எதிரே கல்யாண வீட்டு ஜிகினாவை ஆட்டக் கூடாது என்பது அவன் கட்சி. இருளப்பன் பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் வாங்கிய பெரிய பச்சைக் கெவாங்குகளைத்தான் போடுவான். மேலே காய்கறித் தோட்டங்கள் இருக்கிற வரைக்கும் மழை பெய்தால் ஆறு டீத்தண்ணி நிறம்தான், அதில் செப்புத் தகட்டை எந்த மீன் தேடும் என்பது இவன் கட்சி. இரண்டு பேர் சொல்வதும் சரி. அதனால்தான் அந்த வழக்கு முடியவே இல்லை.

ஆற்றில் அவர்கள் மீன் பிடிக்கும் விதமே ஒரு மாதிரி. இருளப்பன் இந்தக் கரை, பிரெட்ரிக் அந்தக் கரை. ஒரே வேகத்தில் மேலே நடப்பார்கள். நடுவில் செடி வரிசைக்குப் பதில் ஆறு. பிரெட்ரிக் ஒரு எட்டு முன்னால். இப்படித்தான் நடக்கிறோம் என்று இரண்டு பேருக்குமே தெரியாது. போன மாதம்வரை தெரிய வேண்டிய அவசியமும் வரவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு. ஆறு திரும்பும் இடத்தில் தடை போர்டு இருளப்பனின் கரையில் நிற்கிறது. எதிரே பிரெட்ரிக்கின் கரையில் அதே எல்லைக்கு ஒரு பாறைமீது சிவப்புப் பெயின்ட் அடித்திருக்கும். இருளப்பன் போர்டுக்கு இந்தப் பக்கமே கடைசியாக ஒரு தரம் வீசினான். பச்சைக் கெவாங் ஆற்றுக்குப் போகாமல் மரக்கிளைக்குப் போனது. அதை எடுக்க நின்றான். இவன் நின்றதும் எதிர்க்கரையில் பிரெட்ரிக்கும் நின்றான். நின்ற இடம் சிவப்புப் பாறைக்கு அப்பால். கண் தண்ணீரில் இருந்தது, கை பழக்கத்தில் வீசியது. செப்புத் தகடு மடுவின் நட்டநடுவில் போய் விழுந்தது.

மேலே ஒரு கல்லில் பாஹ் அலாங் உட்கார்ந்து சுருட்டுக் குடித்துக்கொண்டிருந்தார். ஆற்றைக் காக்கும் கமிட்டியின் தலைவர். நடுவயதுக்காரர், அதிகம் பேசாதவர். மெதுவாக இறங்கி வந்தார். மாலையைக் கழற்றுவதுபோல் பிரெட்ரிக்கின் கழுத்திலிருந்து மரத்துண்டைக் கழற்றினார். பிரெட்ரிக் திரும்பிப் பாறையைப் பார்த்தான். வாய் திறந்தது. பிறகு மலாயில், "என் தப்புதான்" என்று மட்டும் சொன்னான்.

இருளப்பன் மோட்டர் சைக்கிளில் வீடு வரும்வரை சிரித்தான். அதுவரை தப்பில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த பிரெட்ரிக்கே கொஞ்சம் சிரித்தான். சாயந்திரம் தோட்டத்துக் கடையில் இருளப்பன் அதை நடித்துக் காட்டினான். பிரெட்ரிக் குறடை எடுத்து ஈப்போக்காரர்களுக்கு உபதேசம் செய்வது, பிறகு தானே மடுவில் வீசுவது, பாறையைப் பார்த்து வாயைப் பிளப்பது. எல்லாம் அச்சு அசல். யாரோ போனில் எடுத்து தோட்டத்து வாட்சப் குரூப்பில் போட்டார்கள். அது கோலாலம்பூர்வரை போனது. வனஸ்ஸா அழுதுகொண்டே போன் செய்து, "அப்பா, உங்கள போலீஸ் புடிச்சிட்டாங்களா?" என்று கேட்டாள். அடுத்த ஞாயிறு தேவாலயத்தில் பிரெட்ரிக் வாசிக்க எழுந்தபோது பின்வரிசையில் ஒருவன் வாயைப் பிளந்து காட்டினானாம்.

அன்றிலிருந்து பிரெட்ரிக் பேசவில்லை. மூன்று வாரம் பேசாமலே மெசின் தூக்கினான். நான்காவது வாரம் கங்காணியிடம் போய்ச் சொல்லிவிட்டான்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து இருளப்பன் தொழிலாளர் லயத்தில் பிரெட்ரிக்கின் வீட்டுக்குப் போனான். வாசலில் அவன் மனைவி டெபோரா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"பிரெட்டு இருக்கானா தங்கச்சி?"

"இல்லன்னு சொல்லச் சொன்னாருண்ணே."

உள்ளே டிவி சத்தம் சட்டென்று நின்றது.

"டேய், நான் சும்மா நடிச்சேன்டா" என்றான் இருளப்பன் கதவைப் பார்த்து. "எல்லாரும் சிரிச்சானுங்க, அதான் இன்னும் கொஞ்சம் இழுத்துட்டேன்."

உள்ளே டிவி சத்தம் முன்பைவிட அதிகமாகத் திரும்பி வந்தது.

"கேட்டீங்களா?" என்றாள் டெபோரா. "எங்கிட்டயும் இப்படித்தான் பதில் சொல்றாரு. சாரதாகிட்ட சொல்லுங்க, நாளைக்கு கருவாடு குடுத்து விடுறேன்."

வீட்டில் சாரதா சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள். "மன்னிப்பு கேக்கப் போனவன் சும்மா நடிச்சேன்னா சொல்லுவான்?"

"பின்ன என்ன சொல்றது?"

"எனக்கென்ன தெரியும்? ரெண்டு பேருக்கும் நடுவுல சாக்கப் புடிச்சிட்டு வர்றவ நானு. ஒன்னு மட்டும் சொல்றேங்க. மாடசாமியோட இன்னும் ஒரு வாரம் நடந்தேன்னா எனக்கு இடுப்பு ஒடிஞ்சு ரோசாக் ஆயிடும்."

இருளப்பன் ராத்திரி படுத்து யோசித்தான். மாடசாமியோடு ரிட்டயர் ஆகும்வரை தூக்கலாம். தூக்கினால் செத்துவிட மாட்டான். சம்பளம் கொஞ்சம் குறையும், இடுப்பு கொஞ்சம் வலிக்கும். அதெல்லாம் தாங்கக்கூடியதுதான். மலையின் உச்சியில் மெசினை இறக்கி வைத்துவிட்டு, காதுமூடியைக் கழற்றியதும் முதலில் பார்க்கிற முகம் மாடசாமியுடையதாக இருக்கும். அதை நினைத்தபோதுதான் தூக்கம் போனது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஆற்றுக் குடிசைக்குப் போனான். பாஹ் அலாங் வாசலில் மூங்கில் சீவிக்கொண்டிருந்தார். இருவரும் மலாயில் பேசினார்கள். இருளப்பனின் மலாய் பாசாரில் கற்றது, ஆனால் சண்டைக்கும் சமாதானத்துக்கும் போதும்.

"அன்னைக்கு பிரெட்ரிக் அங்க நின்னது, நான் இங்க நின்னதால."

"அவன் கையில் தூண்டில் இருந்ததா?"

"இருந்துச்சு."

"தண்ணீரில் கெவாங் இருந்ததா?"

"இருந்துச்சு."

பாஹ் அலாங் மறுபடி மூங்கிலைச் சீவினார். அதற்குமேல் பேச என்ன இருக்கிறது என்பதுபோல்.

இருளப்பன் ஒரு நீளமான மூங்கிலை எடுத்து ஒரு முனையை அவர் கையில் கொடுத்தான். மறுமுனையைத் தான் பிடித்தான். "நடங்க" என்றான். பாஹ் அலாங்குக்கு இது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும், நடந்தார். குடிசைக்குள்ளிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தாள். பத்தடி போனதும் இருளப்பன் சட்டென்று நின்றான். பாஹ் அலாங் நிற்கவில்லை. மூங்கில் இழுபட்டு இருளப்பனின் கால் கட்டைவிரலில் விழுந்தது.

"நான் நிற்கவில்லையே" என்றார் பாஹ் அலாங்.

"அதான் சொல்றேன்" என்றான் இருளப்பன், காலைப் பிடித்துக்கொண்டு. "நீங்க நிக்கல. அவன் நிப்பான்."

பாஹ் அலாங் மூங்கிலை எடுத்துச் சுவரில் சாய்த்தார்.

"நல்ல ஆள்தான். ஆனால் மடுவில் இருக்கும் மீனுக்கு அது தெரியாது. நான் இவனுக்காக ஒன்று, அவனுக்காக ஒன்று என்று சட்டம் வைத்தால் நாளைக்கு ஆற்றில் பேட்டரிதான் வரும்."

அது நியாயம். இருளப்பனுக்கும் தெரிந்தது. தெரிந்ததால் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"அப்ப என் பேரையும் எடுங்க. எங்க வேலையில ஒருத்தன் கோணலா போனா ரெண்டு பேருக்கும்தான் திட்டு."

"நீ என்ன செய்தாய்?"

"ஒன்னும் செய்யல."

"ஒன்றும் செய்யாதவன் பேரை எடுக்க எங்கள் சட்டத்தில் இடமில்லை."

இருளப்பன் தன் மரத்துண்டை ஆணியிலிருந்து எடுத்துக் கழுத்தில் மாட்டினான். ஆற்றுக்கு இறங்கினான். கரையில் உட்கார்ந்து, பச்சைக் கெவாங்கின் வளையத்தை நகத்தால் விரித்து, கொக்கியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். மீனுக்கு எந்தத் தொல்லையும் வரக் கூடாது. அது அவனுக்கும் ஆற்றுக்கும் உள்ள கணக்கு. பிறகு எழுந்து மேலே நடந்தான். தடை போர்டைத் தாண்டினான். திரும்பிப் பார்த்தான். பாஹ் அலாங் குடிசையை விட்டு இறங்கி வந்துகொண்டிருந்தார். நல்லது. மடுவின் நடுவில் வீசினான்.

கெவாங் இரண்டு சுற்று சுற்றி வருவதற்குள் அடியிலிருந்து ஒரு நிழல் எழுந்தது. முதலில் அமிழ்ந்து கிடக்கும் மரம் என்றுதான் நினைத்தான். மரம் திரும்பியது. செதில் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது, ஓரத்தில் செம்பொன் நிறம். அவன் வாழ்நாளில் பார்த்ததிலேயே ஆகப் பெரிய கெலா. கெவாங்கின் பின்னால் கரைவரை வந்தது. மூக்கால் ஒரு தடவை முட்டியது. வாயைத் திறந்து பிடித்து, ருசி பார்த்து, துப்பியது. பிறகு அவசரமே இல்லாமல் மடுவுக்குள் இறங்கியது.

இருளப்பன் எழுத்தில் வராத ஒரு வார்த்தை சொன்னான்.

பாஹ் அலாங் பக்கத்தில் வந்து நின்றார். "அது கிழவி" என்றார். "யாரிடமும் வரமாட்டாள்." கையை நீட்டினார். இருளப்பன் மரத்துண்டைக் கழற்றிக் கொடுத்தான். அப்போதுதான் அவர் நூல் நுனியில் தொங்கிய கெவாங்கைப் பார்த்தார். கொக்கி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார். சிரித்துக்கொண்டே மரத்துண்டை இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்து சாரதாவிடம் சொன்னான். அவள் அடுப்பை அணைத்துவிட்டு முழுக்கக் கேட்டாள்.

"கொக்கியக் கழட்டிட்டு மீன் புடிக்கப் போனீங்களா?"

"ஆமா."

"அதுவும் கூடாத எடத்துல?"

"ஆமா லா."

"அந்த மீனும் வந்துச்சா?"

இருளப்பன் கையை விரித்து அளவு காட்டினான். சாரதா குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். குடத்தில் தண்ணீர் இருந்தது. அவள் எதற்குப் போகிறாள் என்று இருளப்பனுக்குத் தெரியும், தடுக்கவில்லை. மத்தியானத்துக்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. கடைக்கு வெற்றிலை வாங்கப் போனால், "அரிசி இல்லாம சோறு பொங்குவியா இருளப்பா?" என்று ஒருவர் கேட்டார். மாடசாமி இவன் வீட்டு வாசலில் வந்து நின்று, "அண்ணே, நாளைக்கு மெசினுக்குக் கத்தி வேணுமா, வேணாமா?" என்றான். வாட்சப் குரூப்பில் யாரோ இருளப்பனின் படத்தோடு ஒரு பெரிய மீன் சிரிப்பதுபோல் ஒட்டிப் போட்டிருந்தார்கள். பிரெட்ரிக்கின் வாய் பிளந்த கதை ஒரு மாதப் பழசு. இது சுடச்சுட இருந்தது.

இருளப்பன் வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் கதவை யாரோ கையால் தட்டாமல் காலால் உதைத்தார்கள்.

தேவாலயத்துக்குப் போட்டுப் போன வெள்ளைச் சட்டையோடு பிரெட்ரிக் நின்றான். முகம் சிவந்திருந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு அவன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை இதுதான்:

"கொக்கி இருந்துச்சா, இல்லியா?"

"இல்ல."

"முழுசா கழட்டிட்டியா? வளையம்கூட இல்லியா?"

"வளையம் இருந்துச்சு. கொக்கி பையில இருந்துச்சு."

"அப்புறம் எப்படிடா ஒம் பேர எடுக்கலாம்?" பிரெட்ரிக் கத்தினான். பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. "சட்டம் என்ன சொல்லுது? மடுவுல மீன் புடிக்கக் கூடாதுன்னு சொல்லுது. கொக்கி இல்லாம நீ எப்படி மீன் புடிப்ப? மந்திரம் போட்டா?"

"நீ ஏன்டா கத்துற? போனது என் பேருதானே?"

"தப்பா போயிருக்கு லா! என் பேரு போனது சரி. நான் கோட்டத் தாண்டிட்டேன், கொக்கி இருந்துச்சு, வீசினேன். அது ஞாயம். ஒம் பேரு போனது சட்டப்படி செல்லாது. இப்படி விட்டா நாளைக்கு எவன் பேர வேணும்னாலும் எடுப்பாங்க. கெளம்பு!"

"எங்க?"

"எங்கயா? ஆத்துக்கு!"

சாரதா அடுப்படியிலிருந்து, "சாப்ட்டுட்டுப் போங்கண்ணே" என்றாள்.

"வந்து சாப்பிடுறேன் சாரதா" என்றான் பிரெட்ரிக். மோட்டரில் ஏறி முன்னால் உட்கார்ந்துகொண்டான். அது இருளப்பனின் மோட்டர்.

வழியெல்லாம் பிரெட்ரிக் பேசினான். காற்றில் பாதிதான் கேட்டது. கொக்கியின் வரையறை, கெவாங்கின் வரையறை, மீன் பிடிப்பது என்றால் என்ன, மீனைப் பார்ப்பது என்றால் என்ன. இருளப்பன் பின்னால் உட்கார்ந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தான். ஒரு வளைவில், "கேக்குறியா இல்லியா?" என்று பிரெட்ரிக் திரும்பினான்.

"ரோட்டப் பாருடா!"

குடிசையில் பாஹ் அலாங் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிரெட்ரிக் அவர் கைகழுவும்வரை மரியாதையாகக் காத்திருந்தான். கழுவியதும் ஆரம்பித்தான். சுற்றுலா வருகிறவர்கள் பாலத்தில் நின்று அதே மடுவுக்கு ரொட்டி போடுகிறார்கள். மீன் வருகிறது, வாயைத் திறக்கிறது. அவர்கள் பேரை எடுக்கிறீர்களா? இல்லை. ஏன்? கொக்கி இல்லை. இருளப்பன் போட்டதும் ரொட்டிதான். பச்சை நிற ரொட்டி. அதுவும் தின்ன முடியாத ரொட்டி.

"ரொட்டி போட்டவன் கழுத்தில் நம் மரத்துண்டு கிடையாது" என்றார் பாஹ் அலாங்.

"அப்ப மரத்துண்டு போட்டவன் ஆத்துல கால் நனைச்சாலும் குத்தமா?"

பாஹ் அலாங்கின் மனைவி உள்ளேயிருந்து ஏதோ அவர்கள் மொழியில் சொன்னாள். அவர் சிரித்தார். "இவனுக்குப் பேரைக் கொடுத்து அனுப்பிவிடு, இல்லாவிட்டால் ராத்திரியும் இங்கேதான் இருப்பான் என்கிறாள்." எழுந்துபோய் இருளப்பனின் மரத்துண்டை எடுத்து ஆணியில் மாட்டினார்.

பிரெட்ரிக் வெற்றியோடு திரும்பி இருளப்பனைப் பார்த்தான். இருளப்பன் நேராகப் போய் மரத்துண்டைக் கழற்றிப் பாஹ் அலாங் கையில் திரும்பக் கொடுத்தான்.

"எனக்கு வேணாம்."

"என்னடா வேணாம்? இவ்ளோ பேசி வாங்கிக் குடுத்திருக்கேன்!"

"உன்ன யாரு வாங்கிக் குடுக்கச் சொன்னா? இத எடுக்க வைக்கத்தான்டா நான் காலைல இருந்து பாடுபட்டேன்! கால்ல மூங்கி வேற விழுந்துச்சு!"

"எதுக்கு எடுக்க வைக்கணும்?"

இருளப்பன் தன் துண்டு இருந்த ஆணியைத் தடவினான். காரணத்தைச் சொல்லியிருந்தால் இரண்டு பேருக்குமே கூச்சமாக இருந்திருக்கும். பிரெட்ரிக் ஆணியைப் பார்த்தான். அதற்குப் பக்கத்தில், அவன் பேர் இருந்த ஆணி காலியாக இருந்தது. இப்போது இரண்டும் காலி. அவனுக்குப் புரிந்தது. கழுத்தைச் சொறிந்தான்.

"முட்டாப் பயலே" என்றான் மெதுவாக.

பாஹ் அலாங் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு மரத்துண்டைப் பெட்டிக்குள் போட்டு மூடினார்.

மோட்டரை நிறுத்திய இடம்வரை ஏற்றம். நடந்துகொண்டே பிரெட்ரிக் கேட்டான்.

"கடையில நீ நடிச்சது... நான் நெசமாவே அப்படி வாயப் பொளந்துகிட்டா நின்னேன்?"

"கொஞ்சம் கம்மியா."

"ம்."

"வனஸ்ஸா அழுதுருச்சுன்னு டெபோரா சொன்னுச்சு. அது எனக்குத் தெரியாதுடா. தப்பு என்னுதுதான்."

"ஒன்னுதுதான்" என்றான் பிரெட்ரிக். "யாரு இல்லன்னா?" கொஞ்ச தூரம் நடந்தான். "அந்தக் கெலா எம்புட்டு இருந்துச்சு?"

இருளப்பன் கையை விரித்தான்.

"பொய் சொல்லாத."

"பாஹ் அலாங்கக் கேளு."

"செப்புத் தகடு போட்டிருந்தா முட்டியிருக்காது. முழுங்கியிருக்கும்."

"கொக்கியே இல்லியேடா! முழுங்கினா என்ன, முழுங்காட்டி என்ன?"

"அது வேற கேள்வி. நான் கெவாங்கப் பத்திச் சொல்றேன்."

திங்கட்கிழமை பெரட்டில் பனி இன்னும் விலகவில்லை. ஆண்டியப்பன் கங்காணி ஆட்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். "இருளப்பன், மாடசாமி..." என்று ஆரம்பித்தவர் நிமிர்ந்து பார்த்தார். மெசின் கிடந்த இடத்தில் இருளப்பன் இன்ஜின் பக்கம் குனிந்திருந்தான். மறுபக்கக் கைப்பிடியில் பிரெட்ரிக். தண்ணீர் கலங்கியிருக்கும்போது செப்பா பச்சையா என்று இரண்டு பேரும் மெசினுக்கு மேலே கத்திக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க ரெண்டு பேரும் பேச மாட்டீங்கன்னுல்ல சொன்னாங்க?" என்றார் கங்காணி.

அவர்களுக்குக் கேட்கவில்லை. மாடசாமி, "எம் பேர அடிச்சிடுங்க கங்காணி, நான் தப்பிச்சேன்" என்று சொல்லிவிட்டு எதிர் மலைக்கு நடந்தான்.

இன்ஜின் ஓடத் தொடங்கிய பிறகும் விவாதம் நிற்கவில்லை. காதுமூடியை ஒரு பக்கம் தூக்கிவிட்டுக்கொண்டு பிரெட்ரிக் ஏதோ கத்துவான், இருளப்பன் தலையை ஆட்டி மறுப்பான். நடை மட்டும் மாறவில்லை. கொழுந்து ஒரே உயரத்தில் விழுந்துகொண்டே போனது. மலை பாதி ஏறியபோது பின்னால் சாக்கு நிறைந்து சாரதாவை இழுத்தது.

"நில்லுங்க லா!" என்று அவள் கத்தினாள். "சாக்கு ரொம்பிப் போச்சு! ஏங்க! அண்ணே!"

இரண்டு பேரும் மேலே போய்க்கொண்டே இருந்தார்கள்.